பூஜையில் வைத்த ஃப்ளாப்பிகள்

யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். காபியானாலும் சரி, கல்யாண வீட்டில் இரண்டாவது ஜிலேபியானாலும் சரி, "ஐயோ, எதுக்குங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவர் "அதெல்லாம் முடியாது" என்பார். இன்னொரு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை, போனால் போகிறது என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டினால் அலைகிறவள் என்று பெயர் வந்துவிடும். இந்தப் பழக்கத்தால் நான் இழந்தது கொஞ்சமில்லை. அதில் பெரியது ஒரு கம்ப்யூட்டர்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பாதிப்பேர் ஹெப்பாள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் வீட்டிலிருந்து வருவார்கள். ஒரு ஜூன் மாதம் ஏதோ ஒரு கம்பெனி தான் கழித்துக்கட்டிய மூன்று கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்குக் கொடுத்தது. ஆசிரியர்களில் ஒருவருக்கு, வாரத்தில் இரண்டு நாள் வீதம் மூன்று மாதம் பயிற்சி கொடுக்கலாம் என்று பள்ளியை நடத்துகிற கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, நேராக என்னைப் பார்த்து, "மேடம், நீவு ஹோக்தீரா?" என்று கேட்டார். போகிறீர்களா என்று என்னைத்தான் முதலில் கேட்டார். வேறு யாரைக் கேட்பார், கணக்கு டீச்சர் நான்தானே.

மனசுக்குள் குதிக்கிறேன். வாயோ பழக்கப்படி, "ஐயோ, நமகேகே சார் அதெல்லா" என்றது. நமக்கெதற்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டாவது தடவை கேட்பதற்காக டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த மனுஷர் கன்னடக்காரர், நேரானவர். வேண்டாமென்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அடுத்த நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவள், "ஹோக்தீனி சார்" என்றாள். போகிறேன் என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சமூகப்பாட டீச்சர். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். தமிழ்நாட்டு எல்லையோரம் அனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரி, விவசாயக் குடும்பம். கல்யாணமாகி ஹெப்பாளில் குடியிருந்தாள். அந்தப் பள்ளியில் தமிழ் பேசுகிற டீச்சர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் புளிக்குழம்பு அவளுக்கு, அவளுடைய கொள்ளுப் பருப்பு எனக்கு. ஏழு வருஷமாக டெம்பரரியாகவே இருந்தாள். ஒவ்வொரு ஜூனிலும் புது ஆர்டர் வந்தால்தான் அவளுக்கு வேலை. அதுவரைக்கும் முகத்தில் ஈயாடாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "வரும், வராம எங்க போகும்" என்று தேற்றுவேன். தேற்றுவது எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் என்னிடம், "நீங்க வேண்டாம்னீங்க, அதாலதானுங்க்கா நான் சரின்னேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, சும்மா போய்க் கத்துக்கிட்டு வா. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கவே நேரமில்லை" என்றேன்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். நியாயம் என்று வைத்தேன். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று வீட்டில் கணவரிடம் கேட்டேன். "நீதானே வேண்டாம்னு சொன்ன" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

செப்டம்பர் வாக்கில் அவளுடைய பயிற்சி முடிந்தது. அதற்குள் என் எட்டாம் வகுப்புக்குப் பக்கத்து அறையைக் கம்ப்யூட்டர் ரூமாக மாற்றிவிட்டார்கள். ஜன்னலுக்குப் பச்சைத் திரை, தரைக்குப் பாய், தலைக்கு மேல் புது ஃபேன். என் வகுப்பு ஃபேன் மூன்று வருஷமாகச் சுற்றும்போது கத்திக்கொண்டிருந்தது, அதைக் கேட்பாரில்லை. அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஹெட்மாஸ்டரே வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸோடு நிற்பார். அவள் உள்ளேயிருந்து, "பன்னி சார்" என்று, வாங்க சார் என்று கன்னடத்தில் கூப்பிடுவாள். எப்படி இருந்த பிள்ளை, எப்படி ஆகிவிட்டது பாரு என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சாக்பீஸை உடைப்பேன்.

தசரா லீவு முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு உபயோகம் என்று அவர்களுக்குப் பட்டால் கம்ப்யூட்டர் டீச்சர் என்று ஒரு பர்மனென்ட் வேலை உண்டாகும். அது அவளுக்குத்தான். படாவிட்டால் மூன்றையும் கமிட்டி ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் மறுபடியும் ஜூன் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

அதற்காக அவள் பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்குப் பழக ஒரு புரோகிராம் எழுதினாள். பயிற்சிக்குப் போன இரண்டாவது மாதமே ஆரம்பித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு டைப் அடிப்பாள். அந்த மெஷின்களில் எதையும் உள்ளே சேர்த்துவைக்க வசதியில்லை. அணைத்தால் எல்லாம் போய்விடும். சேர்த்துவைக்க வேண்டியதெல்லாம் ஃப்ளாப்பியில்தான். அப்பளம் மாதிரி மெல்லிசாக, சதுரமாக, கறுப்பாக இருக்கும். நடுவில் ஒரு நீளத் திறப்பு. அதன் வழியாக உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு தெரியும். வெள்ளைக் காகித உறையில் போட்டு, உறையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவை பீரோவில் பூட்டி வைப்பாள். அசல் ஒன்று, நகல் ஒன்று.

என்னுடைய ஸ்பெஷல் கிளாஸ் என்பது எனக்குப் பெருமை. கணக்கில் தேறாத பிள்ளைகள் எல்லாரும் சாயங்காலம் என்னிடம்தான் வருவார்கள். அந்த வருஷம் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருநாள் பார்த்தால் மூன்றே பேர். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் கட்டட வேலைக்காரர் வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். என் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பெஞ்சைச் சுரண்டுவாள். அவள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தாங்கமுடியாமல் வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.

"ஏண்டி, என் கிளாசுக்கு ஏன் வரல?"

"அங்க தப்பாப் போட்டா மறுபடி செய்னு மட்டும்தான் வரும் மிஸ்."

"நானும் அதைத்தானே சொல்றேன்?"

"அதுக்கு மூஞ்சி மாறாது மிஸ்" என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஒரு மெஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் மைசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. சினேகிதியின் மேல்தான் வந்தது.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கூச்சமான விஷயம். அது பயிற்சி நடந்துகொண்டிருந்த ஜூலையிலேயே ஆரம்பித்தது. அவளுக்கு நாலரை மணிக்கு ஹெப்பாள் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். மற்ற நாட்களில் பஸ் நேரம் வரைக்கும் அந்த அறையிலேயே இருப்பாள். சீனியர் என்பதால் அறைகளுக்கும் பீரோக்களுக்கும் இன்னொரு சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து எல்லாரும் போனதும் அந்த அறையைத் திறப்பேன். மெஷினோடு வந்த சின்னப் புத்தகம் ஒன்று மேஜை மேலேயே கிடக்கும். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, அந்தப் புத்தகத்தில் முக்கியமானதையெல்லாம் எழுதிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஃப்ளாப்பியை எப்படிக் கையாள்வது என்ற விதிகள். வளைக்கக் கூடாது. திறப்பில் விரல் படக் கூடாது. ஈரம், தூசி, பொடி எதுவும் கிட்டே வரக் கூடாது. நான் கணக்கு டீச்சர், விதி என்றால் நம்பர் போட்டு எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

பிறகு ஃப்ளாப்பியைப் போட்டு, அவள் எழுதின புரோகிராமை ஸ்கிரீனில் வரவழைத்து வரிவரியாகக் காப்பி எடுத்தேன். எதற்கு? முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான். இவ்வளவுதானா உன் பெருமை என்று என் மனசுக்காவது சொல்லிக்கொள்ள. போகப் போக அது புரிய ஆரம்பித்தது. புரிந்ததும் ஆசை வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் புதிதாகச் சேர்த்ததை நோட்டில் சேர்ப்பேன். வீட்டில் கேட்டால் பேப்பர் திருத்தினேன் என்பேன்.

அப்படி எழுதிக்கொண்டு வரும்போதுதான் அந்தக் கேள்வி கண்ணில் பட்டது. ஒரு ஒபட்டை எட்டுத் துண்டாக வெட்டுகிறார்கள், மூன்றை உன் தம்பி தின்றுவிட்டான், மூன்றை நீ தின்றாய், மொத்தம் எவ்வளவு தின்றீர்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. ஒபட்டு என்றால் போளிதான், இந்த ஊரில் அப்படிச் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியாது. அது என் கேள்வி. என் ஸ்பெஷல் கிளாஸில் பதினாலு வருஷமாக நான் கேட்கிற கேள்வி. கீழே பார்த்தால் அடுத்ததும் என்னுடையது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற குழாய் கணக்கு, மல்லிகைப் பூவை முழம் போடுகிற கணக்கு, எல்லாம் என்னுடையவை. வரிசைகூட நான் சொல்லிக்கொடுக்கிற வரிசை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதுவரை பொறாமை. இப்போது பொறாமைக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அந்தக் கோபத்திலும் ஒரு சந்தோஷம். அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். எட்டில் மூன்றும் எட்டில் மூன்றும் கூட்டினால் முக்கால் என்று அடித்தால்தான் மெஷின் சரி என்று சொல்லும். எட்டில் ஆறு என்று அடித்தால் தப்பு என்றுவிடும். எட்டில் ஆறும் முக்காலும் ஒன்றுதானே. சரி, இப்போது சுருக்கு என்று அல்லவா பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நான் யோசித்து மூன்றே வரியில் அதைத் திருத்தி என் நோட்டில் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. தெரியாமலே கமிட்டி முன்னால் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தசரா வந்தது. எங்கள் பள்ளியில் ஆயுதபூஜை அன்று காலையில் டீச்சர்கள் எல்லாரும் வந்தே ஆக வேண்டும். லேபில் இருக்கிற தராசு, தையல் மெஷின், பள்ளி மணி, பஸ், எல்லாவற்றுக்கும் பூஜை. அந்த வருஷம் கம்ப்யூட்டர் ரூமில்தான் சரஸ்வதி படத்தை வைத்தார்கள். அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மூன்று மெஷினுக்கும் கதம்பம் சுற்றினாள். பிறகு பீரோவைத் திறந்து ஃப்ளாப்பிகளை உறையோடு எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கினாள்.

"ரெண்டையும் வைக்கணுமாடி?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் ஒரு துளி நல்லெண்ணம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணை உட்டுட்டா நல்லாருக்குமாங்க்கா? அதுக்கும் இன்னிக்குத்தானே நாளு" என்றாள்.

வாசலில் பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைக்கப் போகிறார்கள், எல்லாரும் வாருங்கள் என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். எல்லாரும் போனார்கள், அவளும் போனாள். அறையில் நானும் அட்டெண்டரும்தான். என் கையில் சந்தனமும் குங்குமமும் இருந்த தட்டு. அந்த அட்டெண்டர் பக்திமான். அன்று காலையிலிருந்து மணிக்கு, தராசுக்கு, பஸ்ஸின் ஸ்டீயரிங்குக்கு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர். தாம்பாளத்தைப் பார்த்தார். "கவர்கே பூஜெனா, மேடம்?" என்றார். கவருக்கா பூஜை செய்வது என்று அவருக்குச் சந்தேகம். ஒவ்வொரு ஃப்ளாப்பியாக உறையிலிருந்து உருவினார். எங்கே பொட்டு வைப்பது என்று திருப்பிப் பார்த்தார். அந்தத் திறப்பைக் கண்டுபிடித்தார். அதற்கு நெற்றி அதுதான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும். திறப்பில் விரலே படக் கூடாது என்று என் கையால் நம்பர் போட்டு எழுதியவள். ஒரு வார்த்தை போதும், "பேடா", வேண்டாம் என்று சொன்னால் அவர் கையை எடுத்துவிடுவார். வாயைத் திறக்க நினைத்தேன். ஒபட்டு ஞாபகம் வந்தது. பெஞ்சைச் சுரண்டுகிற பெண் ஞாபகம் வந்தது. அவர் மோதிர விரலைச் சந்தனத்துக்காக நீட்டினார். நான் தட்டை நீட்டினேன். பிறகு குங்குமத்துக்கு நீட்டினார். அதற்கும் நீட்டினேன். இரண்டு ஃப்ளாப்பிக்கும் அழகாக வைத்துவிட்டு, பூவால் தீர்த்தம் தெளித்து, பயபக்தியோடு உறையில் போட்டு மறுபடி அடுக்கினார். அவள் திரும்பி வந்தபோது தாம்பாளம் அவள் வைத்த மாதிரியே இருந்தது. கற்பூரம் காட்டினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்று அப்படியே அறையைப் பூட்டினார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவள் வந்தாள். பொம்மைகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டனுங்க்கா, இந்த வாட்டி பர்மனென்ட் ஆயிருவேன்னு. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது அது" என்றாள். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துண்டு, தேங்காய் வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். லீவு முழுவதும் கிடந்தது, எந்த நாளும் சொல்லியிருக்கலாம். காய்ந்து உதிர்ந்திருக்கும், ஒன்றும் ஆகாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தசரா ஊர்வலத்தில் யானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் கமிட்டி வருவதாக இருந்தது. திறந்த அன்று காலையிலேயே அவள் ஃப்ளாப்பியைப் போட்டிருக்கிறாள். மெஷின் கர் கர் என்று இழுத்திருக்கிறது. படிக்க முடியவில்லை என்று வந்திருக்கிறது. முதல் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நகலை இரண்டாவது மெஷினில் போட்டிருக்கிறாள். அதுவும் கர் கர். பயிற்சி கொடுத்த இடத்துக்குப் போன் பண்ணினாள். ஃப்ளாப்பியை வெளியே எடுத்துப் பார் என்று சொன்னார்கள். எடுத்துப் பார்த்தாள். உள்ளே தகடு முழுக்கச் சிவப்பாக வட்டவட்டமாக இழுத்திருந்தது. மூன்றாவது மெஷினில் போடாததால் அது மட்டும் தப்பித்தது.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"போயிருச்சுங்க்கா. எல்லாமே போயிருச்சு" என்றாள். "அட்டெண்டர் அழுவுறாரு. நீங்கதான் குங்குமத் தட்டைப் புடிச்சிருந்தீங்களாம். நமக்கு என்னங்க்கா தெரியும், சாமி காரியம்னு இருந்திருப்பீங்க. எம்மேலதான் தப்பு. ரெண்டையும் கொண்டாந்து வெச்சேனே."

"எழுதி வெச்சிருக்கியா?"

"ஆரம்பத்துல எழுதுன பத்துக் கேள்விதானுங்க்கா நோட்டுல இருக்குது. மிச்சமெல்லாம் நேரா அடிச்சது." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, "ஜூன்ல ஆர்டர் வராதுங்க்கா. கம்ப்யூட்டரைக் கெடுத்தவன்னு ஆயிருச்சு. இந்தத் தடவை வரவே வராது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் வழக்கம்போலத் தோளைத் தட்டியிருப்பேன்.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். இரக்கத்தால் கொடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பாதிதான் அது. எல்லாம் என்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் செய்த தப்பைத் திருத்தியவள் நான் என்றும் தெரிய வேண்டும். அந்த ஆசை மீதிப் பாதி. நோட்டைக் கொடுக்கும்போதே, "பின்னத்தைச் சுருக்காம அடிச்சாலும் ஒத்துக்கிற மாதிரி மூணு வரி சேர்த்திருக்கேன், பாரு" என்றேன்.

அவள் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்கவில்லை, சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்கா, தெய்வமாட்ட வந்தீங்க" என்றாள். கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றினேன். மூன்றாவது மெஷினைப் போட்டு, புது ஃப்ளாப்பியைப் பக்கத்தில் வைத்து, நோட்டை மடியில் வைத்துத் திறந்தாள். முதல் பக்கத்தைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் இருப்பதையே மறந்துபோயிருந்தேன். மேலே தேதி, ஜூலை மாதம். கீழே என் கையெழுத்து, எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் தினமும் அவள் பார்க்கிற கையெழுத்து. திறப்பில் விரல் படக் கூடாது. ஈரம், தூசி, பொடி எதுவும் கிட்டே வரக் கூடாது. அவள் மெதுவாகப் படித்தாள். மறுபடி மேலே போய்த் தேதியைப் பார்த்தாள். என் கை தானாகப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. என்ன கேட்டாலும் சொல்லிவிடுவது என்று நின்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். நோட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்" என்றாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் நான் படித்தேன், அவள் அடித்தாள். வரி எண்ணைச் சொல்வேன், அவள் விரல் ஓடும். என் மூன்று வரிகள் வந்தபோது நின்று, ஒரு தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குது" என்றாள். அதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. கடைசிப் பக்கம் முடிந்து நோட்டை மூடினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"இதுக்கப்புறம் நாலு வரி இருந்துச்சு. லீவுக்கு முந்தின நாள் போட்டது. உங்க நோட்டுல இல்லை" என்றாள். அதை ஞாபகத்திலிருந்தே அடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, உறையில் போட்டாள். நகல் ஒன்றும் எடுத்தாள். அந்த நாலு வரி என்ன என்று எனக்குக் காட்டவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை சனிக்கிழமை எட்டிப் பார்த்தவளுக்கு அன்று ஏனோ முடியவில்லை.

கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். அந்தக் கட்டட வேலைக்காரர் வீட்டுப் பெண்ணைத்தான் மெஷின் முன்னால் உட்காரவைத்தாள். பெண் ஒபட்டுக் கணக்குக்கு எட்டில் ஆறு என்று அடித்தாள். சரி, இப்போது சுருக்கு என்று வந்தது. முக்கால் என்று அடித்தாள். கமிட்டிக்காரர்களில் பெரியவர் குனிந்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டார். எல்லாக் கணக்கும் முடிந்தது. ஸ்கிரீன் ஒரு தடவை வெறுமையாகி, நாலு வரி பச்சை எழுத்தில் வந்தது. ஹெட்மாஸ்டர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். இந்தக் கேள்விகள் எல்லாம் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை பல வருஷமாகப் பிள்ளைகளிடம் கேட்பவை, பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் நான் பின்னக்கணக்கே கற்றுக்கொண்டேன், அவருக்கு என் நமஸ்காரம் என்று இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பெரியவர் என்னைக் கைகூப்பி வணங்கினார். அவள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. பர்மனென்ட் ஆர்டர் அடுத்த மாதம் அவள் கைக்கு வந்தது. கமிட்டி வந்துபோன அன்று நாலரை மணிக்கு நான் அவளுக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். மூச்சு வாங்கியது.

"தெரிஞ்சுக்கிட்டும் அந்த நாலு வரியை ஏண்டி மறுபடி போட்ட?" என்று கேட்டேன்.

ஹெப்பாள் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அது பூஜைக்கு முன்னாடி எழுதுனதுங்க, மேடம்" என்றாள்.